மூன்றாம் சுற்று

கூலீஸ் ரீல் என்று ஒரு மெட்டு. அயர்லாந்தில் பிடிலோ புல்லாங்குழலோ கான்சர்டினாவோ, எதைக் கையில் எடுக்கிறவர்களும் ஆரம்பப் பாடங்களிலேயே அதை வாசித்துவிடுவார்கள். கால்வே மாவட்டத்தில் பிறந்த அக்கார்டியன் கலைஞர் ஜோ கூலியின் பெயரில் வழங்கும் மெட்டு. அவர் காலமானது 1973-இல். நம் காதில் அது கரகரப்பிரியையாக விழும். சட்ஜத்தில் ஊன்றிப் பஞ்சமத்துக்குத் தாவும், அங்கே சற்று நிற்கும், பிறகு கீழ் நிஷாதத்துக்கு இறங்கி அதையே தொட்டுத் தொட்டு ஆடும். இரண்டாம் பாகம் மேல் சட்ஜத்தில் தொடங்கும். அவ்வளவுதான். ஒரு முறை வாசித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

எல்லாருக்கும் தெரிந்திருப்பதாலேயே அதைப் பலருக்குப் பிடிப்பதில்லை. யாராவது ஆரம்பித்தால், கூட வாசிக்கிறவர்களில் சிலர் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கோப்பையை எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் கேட்டவற்றில் மிகவும் உயிரோடு இருந்த வாசிப்புகளில் ஒன்று இந்த அலுத்த மெட்டுதான். அது எப்படி நடந்தது என்று பல வருடமாக யோசித்துவருகிறேன்.

நான் கும்பகோணத்தில் வயலின் கற்றவன். மருத்துவக் கருவிகள் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்த கால்வேயில் வேலை கிடைத்து வந்தபோது வயலினையும் கொண்டுவந்தேன். வாத்தியம் ஒன்றுதான், பிடிக்கிற விதம் வேறு. நாம் தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் சாய்த்து, ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்து வாசிக்கிறோம். இங்கே நாற்காலி. நாலு தந்தியும் ஐந்தாம் ஐந்தாம் ஸ்வரமாக ஏறும். சுருதி யாருடைய குரலுக்காகவும் மாறாது. குழலுக்கும் கான்சர்டினாவுக்கும் அமைந்ததே எல்லாருக்கும் சுருதி. பழகிக்கொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது. பழகியபின் ஊரில் ஒரு பப்பின் மூலையில் நடக்கும் செஷனில் போய் உட்கார ஆரம்பித்தேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். செஷன் கச்சேரி இல்லை. மேடை கிடையாது, அறிவிப்பு கிடையாது. ஒரு மேசையைச் சுற்றி வாசிக்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். கேட்க வந்தவர்களுக்கு முதுகுதான் தெரியும். ஒருவர் மெட்டை எடுப்பார். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மெட்டில் எட்டு அளவை கொண்ட இரண்டு பாகங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு முறை வரும். முழு மெட்டு மூன்று சுற்று வரும். அதன் முடிவில் நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குள் நுழைவார்கள். அந்த இடத்தில் யாராவது ‘ஹப்!’ என்று உரக்கக் குரல் கொடுப்பார்கள். இரண்டு மூன்று மெட்டு முடிந்ததும் பேச்சு, சிரிப்பு, தேநீர் அல்லது பீர். பிறகு இன்னொருவர் எடுப்பார்.

எல்லாரும் ஒரே மெட்டைத்தான் வாசிப்பார்கள். ராக ஆலாபனை கிடையாது, தனி ஆவர்த்தனம் கிடையாது, இன்னார் பாட இன்னார் பின்தொடரும் முறை கிடையாது. அப்படியானால் கற்பனைக்கு எங்கே இடம்? முதல் மாதங்களில் எனக்கு விளங்காத விஷயம் இதுதான். என் காது சங்கதியைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு கீர்த்தனையின் பல்லவியை நாம் எப்படிப் பாடுகிறோம்? முதலில் எளிமையாக ஒரு வரி. அடுத்து அதே வரியில் ஒரு சின்ன வளைவு. அதற்கடுத்து அந்த வளைவின்மேல் இன்னொன்று. ஒன்றின் தோள்மேல் அடுத்தது ஏறி நிற்கும். ஐந்தாவது சங்கதியைப் பாடிவிட்டு மூன்றாவதுக்குத் திரும்பினால் கேட்கிறவர் முகம் சுளிப்பார். என் வாத்தியார் இதில் கண்டிப்பானவர். வரிசை மாறினால் வில்லைப் பிடித்து நிறுத்திவிடுவார்.

ஐரிஷ் மெட்டில் மாறுதல்கள் அப்படி ஏறுவதில்லை. வரும், போகும். முதல் சுற்றில் அலங்காரமாக வந்த இடம் இரண்டாம் சுற்றில் மொட்டையாக வரலாம். அப்படி மொட்டையாக வருவதே அங்கே பெரிய அழகாக இருக்கலாம். நான் சொன்ன அந்தக் கூலீஸ் ரீலில் இதைத்தான் கேட்டேன்.

குளிர்காலத்தில் ஒரு வார நாள். மழையும் காற்றும் சேர்ந்து அடித்ததால் வழக்கமாக வருகிறவர்களில் பாதிப்பேர் வரவில்லை. நாலு பேர்தான் இருந்தோம். கிளேர் மாவட்டப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய, எழுபதைத் தாண்டிய ஒரு குழல்காரர், கான்சர்டினா வாசிக்கும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, கிதார் வைத்திருந்த கல்லூரிப் பையன், நான். பெரியவர்தான் கூலீஸை எடுத்தார். மரக்குழல், கீழ் ஸ்தாயி, பேசுகிற சத்தத்துக்கு மேல் போகாத ஒலி. நாங்கள் யாரும் சேரவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கூப்பிடுகிற மாதிரித் தெரியவில்லை.

அந்த மெட்டின் முதல் பாகத்தில் பஞ்சமம் சற்று நீண்டு நிற்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே எல்லாரும் ரோல் போடுவார்கள். ரோல் என்பது ஒரே ஸ்வரத்தை மூன்றாக உடைப்பது. ஸ்வரம் ஒலிக்கும்; மேல்விரல் ஒரு கணம் தட்டிவிட்டுப் போகும்; மறுபடி ஸ்வரம்; கீழ்விரல் ஒரு கணம் தட்டும்; மறுபடி ஸ்வரம். தட்டுகிற அந்த இரண்டு ஒலிக்கும் ஸ்வர ஸ்தானம் என்று தனியாகக் காதில் படக்கூடாது. ‘டக்’ என்ற ஒரு வெட்டு மட்டும் கேட்க வேண்டும். நம் கமகத்தில் ஸ்வரம் வளைகிறது, இங்கே ஸ்வரம் தாளமாகிறது. பிடிலில் இதை இடதுகை விரலால் செய்யலாம், அல்லது வில்லை மூன்று முறை குறுக்காக வெட்டி இழுத்தும் செய்யலாம். கேட்பதற்கு இரண்டும் வேறு.

பெரியவர் முதல் சுற்றில் அங்கே ரோல் போட்டார். பாகம் திரும்ப வந்தபோதும் போட்டார். ஆசிரியை அதற்குப் பிறகு சேர்ந்தார்; நானும் இரண்டாம் பாகத்தில் சேர்ந்தேன். இரண்டாம் சுற்று தொடங்கியது. நாங்கள் இருவரும் அந்த இடத்தில் ரோல் போட்டோம். அவர் போடவில்லை. பஞ்சமத்தை அப்படியே நீட்டிப் பிடித்தார், அசைவில்லாமல். எங்கள் இருவருடைய வெட்டும் அவருடைய ஒற்றை நீண்ட ஒலியின்மேல் விழுந்தது. அவர் வெறுமனே ஊதிய அந்த ஒரு கணத்தில் மெட்டின் உள்ளே ஒரு பெரிய அறை திறந்தது போல இருந்தது. ஆசிரியை தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அடுத்த முறை அதே இடத்தில் அவர் மூச்சு வாங்கினார். ஸ்வரமே வரவில்லை. பஞ்சமம் இருக்க வேண்டிய இடத்தில் அவர் பக்கம் வெறும் இடைவெளி. எங்கள் வாத்தியங்கள் மட்டும் கேட்டன. பிறகு கீழ் நிஷாதத்தில் வந்து விழுந்தார், பலமாக.

குழல்காரர்களுக்கு இந்த வித்தை இயல்பாக வருகிறது. அவர்களுக்கு மூச்சு வேண்டும். மெட்டோ எங்குமே நிற்காமல் ஓடுவது. ஆகவே ஏதாவது ஒரு ஸ்வரத்தை விழுங்கித்தான் ஆக வேண்டும். எந்த ஸ்வரத்தை விழுங்குவது என்பதை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றிக்கொண்டால், அதுவே புதுப் புது வடிவம் கொடுக்கிறது. உடம்பின் தேவையிலிருந்து பிறந்த அலங்காரம். வில்லுக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை, அதனால்தான் பிடில்காரர்கள் பலர் விடாமல் நெசவு நெய்கிறார்கள். நல்ல பிடில்காரர்கள் குழல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே விடுவது என்று கற்றுக்கொள்கிறார்கள். நான் அந்தப் பெரியவரின் வலப்பக்க நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அன்றைக்குக் கிதார்ப் பையன் செய்ததையும் சொல்ல வேண்டும். முதல் சுற்று முழுக்க அவன் கை தந்தியில் படவில்லை. இரண்டாம் சுற்றில் சட்ஜத்தை மட்டும் மீட்டினான், தம்புரா மாதிரி, கார்டு எதையும் மாற்றாமல். மெட்டு கீழ் நிஷாதத்துக்கு இறங்கும்போது வழக்கப்படி கார்டும் இறங்க வேண்டும். இறங்கவில்லை. அந்த உரசலில் ஒரு இழுப்பு வந்தது. மூன்றாம் சுற்றின் முதல் தட்டில்தான் அவன் அசைந்தான், கார்டுகள் மாறின, மெட்டில் நாங்கள் யாரும் எதையும் கூட்டாமலே அது பறந்தது. அதே சுற்றில் இரண்டாம் பாகம் மேல் சட்ஜத்தில் தொடங்குகிற இடத்தில், ஆசிரியை ஒரு ஸ்தாயி கீழே இறங்கி வாசித்தார். மேலே இரண்டு பேர், கீழே ஒருவர். பெரியவர் குழலை வாயிலிருந்து எடுக்காமலே புருவத்தை உயர்த்திச் சிரித்தார். அடுத்த மெட்டுக்குள் நுழைந்தபோது ‘ஹப்’ போட்டது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பப் ஊழியர்.

நாங்கள் மாற்றியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மிகக் கொஞ்சம். மெட்டின் எலும்பில் யாரும் கை வைக்கவில்லை. புதிதாக ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வந்திருந்தால் ‘கூலீஸ் போகிறது’ என்று சொல்லிவிட்டு அந்த நொடியே சேர்ந்திருக்கலாம். செஷனில் மாறுதலுக்கு எல்லை அதுதான் என்று நான் நினைக்கிறேன். பக்கத்திலிருப்பவர் தடுக்கி விழாமல் கூடவே வர முடிய வேண்டும்.

இந்த எல்லை எப்போதும் இருந்ததா என்றால், இல்லை. பலர் கூடி பப்பில் வாசிக்கும் செஷன் நாம் நினைக்கிற அளவுக்குப் பழையது கிடையாது. பழைய காலத்தில் இந்த மெட்டுகள் வீட்டுச் சமையலறையில் ஆட்டத்துக்காக வாசிக்கப்பட்டவை. ஒரே ஒரு பிடில்காரர், அல்லது ஒரு பைப் வாசிப்பவர். ஆடுகிறவர்கள் ஓயும்வரை அவர் ஓய முடியாது. ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியவருக்குக் கைக்கும் மனத்துக்கும் மாறுதல் தேவைப்பட்டது. தனியாள் என்பதால் அவர் இஷ்டப்படி திருப்பிக்கொள்ளலாம். தாளம் மட்டும் ஆடுகிறவர் காலுக்குச் சொந்தம். 1935-இல் வந்த பொது நடன அரங்குச் சட்டத்தை வைத்துக்கொண்டு பாதிரியார்களும் காவலர்களும் வீட்டு நடனங்களை ஒடுக்கினார்கள். பின்னால் பிழைப்புக்காக லண்டன் போன ஐரிஷ்காரர்கள் அங்கே பப்புகளில் சேர்ந்து வாசித்தார்கள். அந்த வழக்கம் அயர்லாந்துக்குள்ளும் பரவியது. தனியாள் சுதந்திரம் கூட்டத்துக்குள் வந்தபோது சுருங்கித்தான் ஆக வேண்டும். சுருங்கியது, ஆனால் அதற்குப் பதிலாகக் கேட்பது என்ற ஒன்று வந்து சேர்ந்தது. தனியாக வாசிக்கிறவருக்குத் தன் மாறுதல் மட்டும்தான் உண்டு. நாலு பேராக வாசிக்கும்போது, நான் மாற்றாமல் இருப்பதும் பக்கத்தவர் மாற்றுவதற்கு இடம் கொடுப்பதாகிறது.

ஆட்டக்காரர்களின் கால் பற்றி ஒன்று. கிளேரின் மேற்குப் பகுதியில் செட் நடனம் ஆடுகிறவர்கள் தரையைக் காலால் தட்டி ஆடுவார்கள். மில்டவுன் மால்பே ஊரில் ஒவ்வொரு ஜூலையிலும் வில்லி கிளான்சி கோடைப் பள்ளி நடக்கிறது. யூலியன் பைப் கலைஞர் வில்லி கிளான்சி 1973 ஜனவரியில் இறந்தார். அந்த வருடமே அவர் பெயரில் பள்ளி தொடங்கியது. அந்த வாரம் சின்னஞ்சிறு ஊர் முழுக்க வாத்தியம்தான். நாங்கள் சேர்ந்து போயிருந்த ஒரு கோடையில், நெரிசலான ஒரு பப்பில் மேசையைச் சுற்றி இருபது பேருக்கு மேல் வாசித்துக்கொண்டிருந்தோம். மெட்டு தடித்துப்போய்க் கிடந்தது. எல்லாரும் எல்லா இடத்திலும் ரோல் போட்டால் எதுவும் கேட்காது, சத்தம்தான் மிஞ்சும். அப்போது நாலு ஜோடி எழுந்து கல் தரையில் ஆட ஆரம்பித்தார்கள். பெரியவர் என் காதருகே குனிந்து, “அவங்க காலைப் பாரு, விரலை மற” என்றார்.

பார்த்தேன். வயதான ஒரு பெண்மணி, கறுப்புக் காலணி. குதிகாலும் முன்பாதமும் மாறி மாறித் தரையைத் தொட்டன. தட்டு விழுகிற இடத்தைவிட, தட்டுக்குச் சற்று முன்னால் அவர் உடம்பு மேலே எழும்புகிற விதம்தான் ஆட்டமாக இருந்தது. வில்லை அதற்கேற்ப மாற்றினேன். ரோல்களை எல்லாம் விட்டுவிட்டு, இரண்டாம் நான்காம் தட்டுகளில் வில்லை லேசாக அழுத்தி, தட்டைத் தாண்டி ஒரே இழுப்பில் ஸ்வரங்களைக் கோத்தேன். அந்த எழும்பல் வில்லிலும் வந்தது. மெல்ல மெல்ல மேசையைச் சுற்றிலும் பலர் அப்படியே மாறினார்கள். மெட்டில் ஒரு ஸ்வரமும் புதிதாக வரவில்லை. ஆனால் அது நடக்காமல் ஆடியது.

இருபது பேர் இருக்கும்போது ஸ்வரத்தில் மாறுதல் செய்வது வீண் என்பது அன்றிலிருந்து என் கருத்து. கேட்கவே கேட்காது. அப்போது உயிர் வேறு வழிகளில்தான் வர வேண்டும். தாளத்தின் எழும்பலில் வரலாம். ஒருவர் மட்டும் தனியாக மெட்டை எடுக்க விட்டு, மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்வதில் வரலாம். மூன்றாம் சுற்றின் முதல் பாகத்தில் கிதாரையும் பவ்ரான் தோற்கருவியையும் நிறுத்திவிட்டு மெட்டை மட்டும் விடுவதில் வரலாம். எல்லாவற்றையும்விட, அடுத்த மெட்டைத் தேர்ந்தெடுப்பதில் வரும். கரகரப்பிரியையில் மூன்று சுற்று உழன்றபின், ஒரு படி தள்ளி சங்கராபரணத்தில் ஒரு மெட்டு திடீரென்று திறந்தால் அறையில் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும். அந்தத் திருப்பத்துக்காகவே மெட்டுகளைக் கோக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தனிப்பட்ட வாசிப்பில் சாதாரணமானவர்களாக இருக்கலாம். ஆனால் அவர்கள் இருக்கிற செஷன் தூங்காது.

வேகத்தை மட்டும் நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். சோர்ந்த மெட்டைத் தூக்கி நிறுத்த இளைஞர்கள் முதலில் கையில் எடுப்பது வேகத்தைத்தான். வேகம் கூடக்கூட ரோலுக்கு நேரம் இல்லாமல் போகிறது, மூச்சுக்கு இடம் இல்லாமல் போகிறது, எல்லாரும் ஒரே மாதிரி வாசித்தால்தான் பிழைக்க முடியும் என்ற நிலை வருகிறது. இதற்கு நேர்மாறானவர் பிடில்காரர் மார்ட்டின் ஹேய்ஸ், கிளேரின் கிழக்கே ஃபீக்கில் பகுதிக்காரர். டல்லா கேய்லி பேண்டில் வாசித்த பி.ஜே. ஹேய்ஸின் மகன். டெனிஸ் காஹிலின் கிதாரோடு அவர் சியாட்டிலில் வாசித்து 1999-இல் வெளிவந்த இசைத்தட்டில் ஏறக்குறைய அரை மணி நேரம் நிற்காமல் போகும் ஒரு கோவை இருக்கிறது. தூங்குகிற குழந்தையை எழுப்பாத மென்மையில் தொடங்கும். ஒவ்வொரு மெட்டும் சிறிது சிறிதாகத்தான் சூடேறும். கடைசியில் வேகம் வரும்போது அது சம்பாதித்த வேகமாக இருக்கும். கேட்காதவர்கள் கேட்க வேண்டும்.

ஹேய்ஸ் போற்றுகிற ஒரு முன்னோடி டாமி பாட்ஸ். டப்ளினில் தீயணைப்பு வீரராக இருந்தவர். 1972-இல் ‘தி லிஃபி பேங்க்ஸ்’ என்ற ஒரே ஒரு இசைத்தட்டு அவர் வாழ்நாளில் வந்தது. பழகிய ரீல்களை எடுத்து, எட்டு அளவையை மீறி நீட்டுவார், நடுவில் தங்கிவிடுவார், எங்கோ போய் வேறொரு இடத்தில் மெட்டுக்குள் திரும்புவார். ஆட்டத்துக்கு அது ஒவ்வாது. கேட்கும்போது எனக்கு நிரவல் ஞாபகம் வருகிறது; அவ்வளவு ஆழம். ஆனால் அந்த வாசிப்பை மேசையைச் சுற்றி யாரோடும் பங்கிட முடியாது. பெரியவரிடம் இதைக் கேட்டேன். “பாட்ஸ் வீட்ல கேக்கணும்” என்றார். குறையாகச் சொல்லவில்லை, அவர் வீட்டில் அந்தத் தட்டு தேய்ந்துபோயிருந்தது.

மாறுதல் உறைந்துபோவதும் உண்டு. ஸ்லைகோ மாவட்டத்தில் 1891-இல் பிறந்த மைக்கேல் கோல்மன் 1914-இல் அமெரிக்கா போனார். 1921 முதல் 1936 வரை அங்கே அவர் வாசித்த பிடில் இசைத்தட்டுகளில் பதிவாயிற்று. தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒவ்வொரு சுற்றையும் வேறு வேறாக வார்த்தார். தட்டுகள் கப்பலேறி அயர்லாந்து வந்தன. வீட்டில் கிராமபோன் வைத்திருந்தவர்களைச் சுற்றி உட்கார்ந்து ஊரே கேட்டது. ஸ்வரம் ஸ்வரமாகப் பிடித்தது. அவர் கோத்து வாசித்த டார்போல்டன், லாங்ஃபோர்ட் கலெக்டர், செய்லர்ஸ் பானட் ஆகிய மூன்றும் இன்றுவரை அதே வரிசையில்தான் செஷன்களில் வருகின்றன. ஒரு கலைஞர் அந்தந்த நேரத்துக் கைவாக்கில் போட்ட திருப்பங்கள், அடுத்த தலைமுறைக்கு மெட்டின் நிரந்தர உருவமாகிவிட்டன.

நமக்கு இது புதிதா என்ன? யாரோ ஒரு வித்வான் ஒரு ராத்திரி மனோதர்மத்தில் போட்ட சங்கதி, சிஷ்யர்கள் வழியாகப் பாடாந்தரமாகி, இப்போது அதை விட்டால் ‘பாடம் சரியில்லை’ என்கிறோம். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அழகான ஒன்று தங்கிவிடத்தான் செய்யும். பிரான்சிஸ் ஓ’நீல் அப்படிப் பலவற்றைத் தங்கவைத்தார். கார்க் மாவட்டத்தில் பிறந்து, சிகாகோ காவல்துறையின் தலைமைப் பதவிவரை உயர்ந்தவர். 1903-இல் 1850 மெட்டுகள் கொண்ட பெருந்தொகுப்பையும், 1907-இல் 1001 நடன மெட்டுகள் கொண்ட இன்னொன்றையும் வெளியிட்டார். அந்த இரண்டாவது புத்தகத்தை வாத்தியக்காரர்கள் ‘தி புக்’ என்றே சொன்னார்கள். அதில் ஒவ்வொரு மெட்டும் ஒரே ஒரு உருவில் இருக்கும். ரோல் பெரும்பாலும் எழுதியிருக்காது. எங்கே மூச்சு, எங்கே இழுப்பு என்று இருக்காது. அச்சிட்டதை அப்படியே வாசித்தால் மெட்டு கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டார். எங்கள் செஷனில் யாரும் தாள் வைத்துக்கொள்வதில்லை. மெட்டு தெரியாதவர் கைபேசியில் பதிந்துகொண்டு போய் வீட்டில் கேட்டுப் படித்து வருவார். எப்படிக் கேட்டாரோ அப்படி வரும். அதிலேயே ஒரு மாறுதல் கலந்திருக்கும்.

இந்த எண்ணமெல்லாம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஆசிரியை ஒருநாள் கேட்டார்: “உங்க ஊர் மெட்டு ஒண்ணு குடுங்களேன். எல்லாரும் வாசிக்கிற மாதிரி.” கமகம் நிறைந்த எதையும் கான்சர்டினாவில் கொடுக்க முடியாது, அதன் ஸ்வரங்கள் பொத்தான்களில் பிறப்பவை, வளையாது. அப்போது எனக்கு நோட்டுஸ்வரம் ஞாபகம் வந்தது. முத்துஸ்வாமி தீட்சிதர் மணலியிலும் சென்னையிலும் ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டு, அந்த ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் செய்தார். எல்லாம் சங்கராபரணத்தில், கமகம் இல்லாமல். அவற்றின் மூலமெட்டுகளில் ஆங்கில, ஸ்காட்டிஷ், ஐரிஷ் நாட்டார் மெட்டுகளும் உண்டு. அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர்தான் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அந்த வாத்தியத்தைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர். நான் மடியில் வைத்திருந்த வாத்தியமே அந்த வழியாக எங்கள் ஊருக்கு வந்து, மறுபடி கடல் தாண்டி வந்திருந்தது.

‘சக்தி சஹித கணபதிம்’ வாசித்தேன். நம் ஊரில் வயலின் பழகும் குழந்தைகள் சின்ன வயதிலேயே வாசிப்பது. திஸ்ர நடை, அவர்கள் காதுக்கு வால்ட்ஸ். நான் இரண்டாம் முறை வாசிக்கும்போதே குழல் தடவிக்கொண்டு பின்னால் வந்தது. மூன்றாம் முறை பெரும்பாலும் எல்லாருமே பிடித்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய் அதன் கதையை எழுதி அனுப்பினேன். ஆசிரியை தன் பள்ளிக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னார்.

சில மாதம் கழித்து அந்த மெட்டு எங்கள் செஷனில் வழக்கமாகிவிட்டது. வழக்கமானபின் அது சும்மா இருக்கவில்லை. பெரியவர் ஒரு வரியின் முடிவில் மூச்சு வாங்குகிற இடத்தில் ஒரு ஸ்வரம் மறைந்துபோயிற்று. கிதார்ப் பையன் நடுவில் ஒரு வரியை மட்டும் சட்ஜத்திலேயே நிறுத்தி வைத்தான். ஆசிரியை மத்தியமத்துக்கு ஏறுகிற ஒரு வரியில் நேராக ஏறாமல், மேல் ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு ஒரு சின்னச் சுழியோடு இறங்குகிறார். எழுதி வைத்த பாடத்தில் அது கிடையாது. கும்பகோணத்து வாத்தியார் கேட்டால் வில்லைப் பிடித்து நிறுத்தியிருப்பார். ஆனால் அந்தச் சுழி அந்த வரிக்குப் பொருந்துகிறது. சாகித்யத்தின் நீட்டலுக்கும் பொருந்துகிறது, பாடிப் பார்த்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பிடில்காரப் பெண் அந்த மெட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். கைபேசியை நீட்டச் சொல்லி, ஆசிரியையின் சுழியோடுதான் வாசித்துக் கொடுத்தேன்.